மூக்கு சொன்ன சாட்சி

அத்தியாயம் 9

கரைப்பேட்டைக்குள் நுழைகிறவர்களை அன்று முதலில் வரவேற்றது வேங்கைதான். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு வேங்கை, மசூதித் தெரு முனையில் ஒரு வேங்கை, பாலாற்றுப் பாலத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக வேங்கைகள். ஒவ்வொரு பேனரிலும் வேங்கைக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் சூரியபிரகாஷ் மீசையோடு நின்றார். ‘தெருவில் பயமில்லை, திருடனுக்கு இடமில்லை! வேங்கைப் படைக்கு நகரின் நன்றி!’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாராட்டு விழா இன்று பிற்பகல்.

ஸ்கூட்டரை மெதுவாக்கி தபரேஸ் அண்ணாந்து பார்த்தான்.

“அக்கா, இதுல எது வேங்கை, எது இன்ஸ்பெக்டருன்னு கீழ பேரு போட்டிருந்தா நல்லாருக்கும்.”

“தொப்பி போட்டிருக்கறது இன்ஸ்பெக்டர். ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த நந்தினி.

காட்பாடி ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு செருப்புக் கடையின் மாடியில் ‘நந்தினி துப்பறியும் நிலையம்’ என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகையை மாட்டுவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவள் நந்தினி. பிறந்தது அணைக்கட்டுப் பக்கம், வேர்க்கடலைக் காட்டுக்கு நடுவில். தபரேஸ் அவளுடைய ஒரே உதவியாளன், கரைப்பேட்டைக்காரன். தினமும் இங்கிருந்துதான் பஸ் ஏறி வேலைக்கு வருவான். அவன் வாய் மூடியிருக்கிறது என்றால் தூங்குகிறான் என்று அர்த்தம்.

இன்று அவனுடைய தெருவிலிருந்தே கேஸ் வந்திருந்தது.

ஃபரீதா வாசலிலேயே காத்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அவள் மகன் ஷோயப், தோல் பதனிடும் டேனரியில், தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து இழுத்துப் போடும் வேலை செய்பவன். நேற்றுக் காலை வேலைக்குப் போனவனை இன்ஸ்பெக்டரின் வேங்கைப் படை வழியிலேயே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் செல்லம்மாள் என்கிற அம்மாவின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனது இவன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

“விழா முடிஞ்சதும் மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட கூட்டிக்கினு போறாங்களாம் மேடம். ஏற்கெனவே ஒரு அடிதடி கேசு இருக்குது அவன் மேல. இதுவும் சேந்துச்சுன்னா குண்டாஸ்ல போட்டு ஒரு வருஷம் வெளிய விடமாட்டாங்களாம். அவன் தம்பி படிக்கறான். இவங்களுக்கு அப்பா கிடையாது. நான் இன்னா பண்ணுவேன்?”

“சங்கிலி போன அன்னிக்கு ஷோயப் எங்க இருந்தான்?”

“வேலைக்குத்தான் போய்ருந்தான். தினக்கூலிதானே, வந்தான்னும் எழுதமாட்டாங்க, போனான்னும் எழுதமாட்டாங்க. மேஸ்திரிகிட்ட போய்க் காலப் புடிச்சேன். போலீஸ் கேசுன்னா எனக்கு ஞாபகம் இல்லன்னுட்டாரு.”

“அப்ப போலீஸ்கிட்ட இருக்கற ஒரே சாட்சி அந்த செல்லம்மாள்தான்.”

“ஒரே சாட்சி அவங்க மூக்குதான்” என்ற தபரேஸ் தன் செல்போனை நீட்டினான். “பாருங்க காலா, இந்த லோக்கல் சேனல் வீடியோவ அக்காவுக்குக் காட்டவா?” ஃபரீதாவை அவன் சிறு வயதிலிருந்து சித்தி முறை வைத்துக் காலா என்றுதான் கூப்பிடுவான்.

வீடியோவில் செல்லம்மாள் பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கும் பெண்ணைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். “ஹெல்மெட்டு போட்டிருந்தான். மூஞ்சி தெரியல. கறுப்பு பைக்குல பின்னாலேர்ந்து வந்தான். ஆனா அவன் மேல டேனரி நாத்தம் குப்புன்னு அடிச்சுது.” அதற்கு அடுத்து சூரியபிரகாஷ் வந்தார். “பாதிக்கப்பட்ட அந்தத் தாயின் கூர்மைதான் எங்களுக்கு வழி காட்டியது” என்றார். டேனரியில் வேலை செய்கிறவன், கறுப்பு பைக் வைத்திருக்கிறவன், பழைய கேஸ் உள்ளவன் என்று மூன்று வடிகட்டியில் ஊற்றியதும் ஷோயப் மட்டும் மேலே நின்றானாம்.

ஃபரீதா டீ கொண்டுவந்து வைத்தாள். நந்தினி டம்ளரை வாய் வரை கொண்டுபோய்த் திரும்பக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே டேனரிக் கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. நீலமும் சாம்பலும் கலந்த தண்ணீர். சுண்ணாம்பு, அழுகல், மருந்து எல்லாம் சேர்ந்த ஒரு வாடை அந்த வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தபரேஸ் டீயில் பிஸ்கட்டை முக்கி நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“இந்த நாத்தத்துல உனக்கு எப்படிடா பிஸ்கட் இறங்குது?”

தபரேஸ் நிமிர்ந்தான். ஃபரீதாவும் நிமிர்ந்தாள்.

“இன்னா நாத்தம்?” என்றான் அவன்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஃபரீதா பதறிப்போய் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாள், ஏதாவது கெட்டுப்போய்விட்டதா என்று. நந்தினி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“ஷோயப் வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை துவைக்காம ஒண்ணு கிடைக்குமாம்மா?”

*

செல்லம்மாளின் வீடு ஆற்றோரம், ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. ஷூ கம்பெனி கேன்டீனில் சோறு வடிக்கிறவள். இன்று விழா என்பதால் லீவு. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, பட்டுப் புடவை கட்டி, எப்போது கார் வரும் என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். உள்ளே கட்டிலில் அவள் வீட்டுக்காரர் பெருமாள் படுத்திருந்தார். முப்பது வருஷம் டேனரியில் இருந்த நெஞ்சு. மூச்சு விடும்போது சல்லடையில் மணல் சலிக்கிற சத்தம் வந்தது.

பேப்பரில் எழுதுவதற்காக வந்திருக்கிறோம் என்றாள் நந்தினி. துணிப்பை ஒன்றை செல்லம்மாளின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பையின் வாய் திறந்தே இருந்தது. ஸ்கூட்டரில் வரும்போது அதைக் கையை நீட்டித் தள்ளியே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“உட்காரு தம்பி” என்ற செல்லம்மாள் உடனே மூக்கைச் சுளித்துச் சிரித்தாள். “அத்தர் போட்டுக்கினியா? மல்லியா?”

“ஆமா பெரீம்மா. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு போட்டேன், அவங்க வரல, போட்டத எடுக்கவும் முடியல.”

“உனக்கு இன்னா, ராஜாவாட்டம் இருக்கற.” திடீரென்று தலையைத் திருப்பிக் குரல் கொடுத்தாள். “அடியே எதிர்வீட்டுக்காரி! பருப்பு அடிப்புடிக்குது பாரு!”

எதிர்வீட்டில் ஒரு பாத்திரம் இறங்கும் சத்தம் கேட்டது. தபரேஸ் நந்தினியைப் பார்த்தான். நந்தினி கேள்விகளைத் தொடர்ந்தாள். சங்கிலி எப்படிப் போனது, எந்த இடத்தில், எத்தனை பேர் கூட வந்தார்கள். செல்லம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது, கழுத்தில் சுரீரென்றது, அவ்வளவுதான். பேசும்போதெல்லாம் அவள் கை அந்தத் துணிப்பை மீது சாய்ந்திருந்தது.

“அவன் மேல டேனரி நாத்தம் அடிச்சுதுன்னு சொன்னீங்களே.”

“ஆமாம்மா. குப்புன்னு.”

“எப்படி இருந்துது அந்த நாத்தம்?”

செல்லம்மாள் விழித்தாள். “நாத்தம்னா... நாத்தம்தான். டேனரி நாத்தம்.”

நந்தினி பையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். உள்ளேயிருந்த சட்டையை வெளியே இழுத்தாள். தோள்பட்டையில் சுண்ணாம்பு பூத்து, கைப்பக்கம் நீலம் பிடித்து விறைத்துப்போன சட்டை.

“ஷோயப் சட்டை இதும்மா. ரெண்டு நாளா துவைக்காதது. நான் வந்து உட்கார்ந்ததுலேர்ந்து உங்க பக்கத்துலதான் இருக்குது. இந்தத் தம்பி அத்தர் தெரிஞ்சுது, எதிர்வீட்டுப் பருப்பு தெரிஞ்சுது. இது தெரியலையே?”

செல்லம்மாள் சட்டையை எடுத்தாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு தடவை இழுத்தாள், இன்னொரு தடவை இழுத்தாள். அவள் முகம் வெளுத்தது.

“ஒண்ணும் வரலியே...”

“வராது. இந்த ஊர்ல பொறந்து வளந்த யாருக்கும் வராது. உங்க வீட்டுக்காரரே முப்பது வருஷம் இதோட வந்து உங்க பக்கத்துல படுத்திருக்காரு. டேனரி நாத்தம்னு ஒருத்தர் சொல்லணும்னா அவர் வெளியூர்க்காரரா இருக்கணும். சொல்லுங்கம்மா. யாரு சொல்லிக்குடுத்தாங்க?”

உள்ளே பெருமாள் இருமினார். “செல்லம்... யாரு வந்திருக்காங்க?”

“யாருமில்ல, படு!” என்று கத்தியவள், நந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் இழுத்தாள். குரல் தாழ்ந்துவிட்டது.

“சங்கிலி போனது அவருக்குத் தெரியாதும்மா. பெட்டில வெச்சிருக்கேன், எல்லாரும் கயிறுதான் கட்டறாங்க, அதான் நானும்னு சொல்லி வெச்சிருக்கேன். தினம் கேக்கறாரு. ஒருவாட்டி கழுத்துல போட்டுக் காமி, பாத்துட்டுப் போறேன்றாரு. இன்ஸ்பெக்டரு வந்தாரு. சங்கிலி ஒரு அடகுக் கடையில கிடைச்சுடுச்சு, வெச்சவன் குடுத்த விலாசம் பொய்யி, திருடன் இல்லாம சங்கிலிய எப்படிக் குடுக்கறதுன்னாரு. நல்லா யோசிச்சுப் பாருங்க, அவன் மேல டேனரி நாத்தம் அடிச்சுதுல்லன்னாரு. அடிச்சிருக்கும்னேன். அடிச்சுதுன்னு சொல்லுங்கன்னாரு.”

“அந்தப் பையன் உள்ள போனா ஒரு வருஷம் வரமாட்டான்.”

“தெரியும்.”

“அவங்கம்மாவும் அதே ஷூ கம்பெனிதான், உங்க கூடத்தான் அந்த பஸ்ஸுல வர்றாங்க.”

“தெரியும்மா” என்று அழுதாள் செல்லம்மாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “மேடையில சொல்லிடறேன். எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன். ஆனா சங்கிலிய வாங்கிக்கினு சொல்றேன். வாங்கறதுக்கு முன்னால சொல்லமாட்டேன்.”

தெரு முனையில் கார் ஹாரன் கேட்டது.

ஸ்கூட்டருக்குத் திரும்பியபோது தபரேஸ் சாவியைப் போடாமல் நின்றான். நந்தினி ஏதாவது கிண்டலை எதிர்பார்த்தாள். மூக்கால் பிடித்த திருடனை மூக்காலேயே விடுவித்தோம் என்று ஏதாவது.

“அக்கா. நான் தினம் ஆபீசுக்கு வர்றனே. எம்மேலயும் அடிக்குமா?”

காலையில் அவன் மாடி ஏறும்போதே நந்தினி எழுந்து ஜன்னலைத் திறப்பாள். காற்று வரட்டும் என்பாள். ஐந்து வருஷமாகத் திறக்கிறாள்.

“கொஞ்சம்” என்றாள்.

தபரேஸ் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான். மண்டபம் வரும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தூங்கவும் இல்லை.

*

திருமண மண்டபத்தில் மேளம் மட்டும்தான் இல்லை. மேடையில் சோபாக்கள், சால்வைகள், ஆளுயரத்துக்கு ஒரு கேடயம். சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினராக ஓர் உயர் அதிகாரி வந்திருந்தார். முன்வரிசையில் விருந்தாளிகளுக்கு எதிரே கொத்துக் கொத்தாக ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். அப்படியும் பாதிப் பேர் கைக்குட்டையை மடியிலிருந்து மூக்குக்கும் மூக்கிலிருந்து மடிக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

ஊதுபத்திக்குப் பின்னால் கூட்டம். ஷூ கம்பெனி பஸ்களில் கூட்டிவந்து இறக்கிவிடப்பட்ட பெண்கள், நீலக் கோட்டோடு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபரீதா கடைசிச் சுவரில் சாய்ந்து, நந்தினி திருப்பிக் கொடுத்த துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“இந்த அம்மா இன்னிக்கு உண்மையச் சொல்லிடுவாங்க. தைரியமா இருங்க” என்று அவள் காதில் சொல்லிவிட்டு நந்தினி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தபரேஸ் எப்போதும் பக்கத்தில்தான் உட்காருவான். இன்று இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

பின்னாலிருந்து பார்த்தால் முகங்கள் தெரியாது. கழுத்துகள்தான் தெரியும். பார்த்துக்கொண்டே வந்த நந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மண்டபம் நிறையப் பெண்கள். ஒரு கழுத்திலும் ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை. எல்லாம் மஞ்சள் கயிறு, அல்லது நூலில் கோத்த கருகமணி. காதில் பிளாஸ்டிக் தோடு.

“ஏம்மா, யாருமே நகை போடறதில்லையா?” என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டாள். முபஷ்ஷிரா என்று கோட்டில் பெயர் தைத்திருந்தது.

“யாரு போடுவாங்க? போன வருஷம் தினம் ஒருத்தருக்குக் கழுத்து அறுந்துச்சு. ஸ்டேஷனுக்குப் போனா, ஏன்மா போட்டுக்கினு போறீங்கன்னு எங்களத்தான் திட்னாங்க. கழட்டிட்டோம். போனும் வீட்லயே வெச்சுடுவோம். தனியா நடக்கறதில்ல. பஸ்ஸுல செல்லம்மாக்காதான் கடைசி. அவரு பாக்கணும்றாருன்னு போட்டுக்கினே வந்தாங்க. அதுவும் போச்சு.” அவள் மேடையைக் காட்டினாள். “அதுக்கப்புறம் திருடறதுக்கு இன்னா இருக்குது? அவனும் வேற ஊருக்குப் போய்ட்டிருப்பான்.”

மேடையில் ஒருவர் குற்றங்கள் எவ்வளவு குறைந்தன என்று வாசித்துக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டது. இரண்டு நாற்காலி தள்ளி தபரேஸ் இவளைப் பார்க்காமலே சொன்னான்:

“மாலைய இந்தக் கழுத்துங்களுக்குத்தான் போடணும் அக்கா.”

அவன் சொன்னதில் சிரிப்பு இல்லை.

படையிலிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகச் சால்வை போர்த்தினார்கள். சூரியபிரகாஷுக்குக் கேடயம். கடைசியாக செல்லம்மாளை மேடைக்கு அழைத்தார்கள். சிறப்பு விருந்தினர் பெட்டியைத் திறந்து சங்கிலியை எடுத்துக் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தார். செல்லம்மாள் அதை அப்படியே கழுத்தில் போட்டுக்கொண்டாள். கேமராக்கள் மின்னின. மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற ஃபரீதாவைக் கண்டுபிடித்தாள். ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய பொய்யையே ஒப்பிக்கப்போகிறாள் என்று நந்தினி நினைத்தாள்.

“எனக்கு நாத்தம் எதுவும் அடிக்கல சார்” என்றாள் செல்லம்மாள். “அந்தப் பையன் மேலன்னு நான் சொன்னது பொய்யி. எனக்கு டேனரி நாத்தம்னா இன்னான்னே தெரியாது. எங்க ஊர்ல நாத்தமே கிடையாது சார்.”

முன்வரிசை சிரித்தது. வாய்விட்டு, தோள் குலுங்க, கைக்குட்டையால் மூக்கையும் சிரிப்பையும் சேர்த்து மூடிக்கொண்டு சிரித்தது. சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கினார். “நாத்தமே கிடையாதாம்! ஜன்னலைச் சாத்துங்கன்னு நான் வந்ததுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்!” என்றார். மறுபடி சிரிப்பு. “சொந்த ஊரை விட்டுக்குடுக்காத இந்த மனசு இருக்கே, அதுக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க.”

முன்வரிசை தட்டியது. பின்வரிசைகளில் ஒரு பெண்ணும் தட்டவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை. செல்லம்மாளுக்கும் புரியவில்லை. வாயைத் திறந்து மறுபடி சொல்லப் போனாள். அதற்குள் அவளுடைய தோளில் மென்மையாகக் கை வைத்துத் திரைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார் சூரியபிரகாஷ்.

நந்தினி எழுந்து ஓடினாள்.

*

மண்டபத்தின் பின்பக்கம், சமையல் கட்டுக்கு வெளியே சூரியபிரகாஷைப் பிடித்தாள். கைக்குட்டையை முகர்ந்துகொண்டு நின்றார். நீலகிரித் தைல வாசனை. கத்தவில்லை, முறைக்கவில்லை. களைத்துப்போன ஒரு மனிதராகத்தான் தெரிந்தார்.

“சார், சாட்சியே பொய்னு சொல்லிட்டாங்க. இருநூறு பேர் கேட்டாங்க. ஷோயப்ப விடுங்க.”

“யார் கேட்டாங்க மேடம்? உள்ள எல்லாரும் ஜோக்குன்னு சிரிச்சாங்களே.”

“முன்னால இருந்தவங்க சிரிச்சாங்க. ஊர்க்காரங்க ஒருத்தர்கூடச் சிரிக்கல. அவங்களுக்கு அந்த நாத்தம் தெரியாது சார். நான் சோதிச்சுப் பாத்துட்டேன். அவன் சட்டைய அந்த அம்மா மடியில வெச்சேன், தெரியல.”

“உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

நந்தினி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“தெரிஞ்சிருக்கும். எனக்கும் தெரிஞ்சுது. அவன் காலரைப் பிடிச்சப்பவே குப்புன்னு அடிச்சுது. அந்தம்மா மறந்துட்டாங்க, நான் ஞாபகப்படுத்தினேன். நான் தப்பா எதுவும் செஞ்சதா நினைக்கல.” அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் நந்தினியைப் பயமுறுத்தியது. “இந்தச் சோதனைய மாஜிஸ்ட்ரேட் முன்னால செஞ்சு காட்டுங்க. அவரும் வெளியூர்தான். சட்டைய மேஜை மேல வைங்க. அவர் என்ன சொல்வார்னு உங்களுக்கே தெரியும்.”

“சார், அந்த வாடை இந்த ஊர்ல எல்லார் மேலயும் இருக்குது.”

“எல்லாரையும் பிடிக்க முடியாது இல்லையா? ஒருத்தனைப் பிடிச்சிருக்கேன்.”

“குற்றம் குறைஞ்சது உங்களால இல்ல. பொம்பளைங்க நகையைக் கழட்டினதால. உள்ள போய்ப் பாருங்க, எல்லாம் வெறுங்கழுத்து.”

“பாத்திருக்கேன். கழுத்து வெறுமையா இருந்தா குற்றம் இல்ல. குற்றம் இல்லன்னா தெரு அமைதியா இருக்கு. அதுக்குத்தானே விழா?” என்று கேடயத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

சமையல் கட்டின் கதவு திறந்தது. செல்லம்மாள் தள்ளாடிக்கொண்டு வந்தாள். பட்டுப் புடவை, எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, கழுத்தில் மஞ்சள் கயிறு.

“சங்கிலி எங்கம்மா?”

“வாங்கிக்கினாங்க. சாட்சிய மாத்திச் சொல்லிட்டீங்க, இனிமே இது கோர்ட்டுல கிடக்கும், கேசு முடிஞ்சதும் வந்து வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டாங்க.” அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், இன்னும் இருக்கிறதா என்பதைப் போல. “கார்லயும் ஏத்தமாட்டாங்களாம். நான் நடந்தே போய்க்கறேன். அவரு முழிச்சுக்கினு இருப்பாரு.”

அவளைக் கொண்டுபோய் விடட்டுமா என்று தபரேஸ் கேட்டான். வேண்டாம் என்று கையாட்டிவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தெருவில் போலீஸ் வேன் உறுமியது.

ஃபரீதா அதற்கு முன்னாலேயே ஓடிப்போய் வேன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஷோயப் நடுவில் உட்கார்ந்திருந்தான். நேற்றுப் போட்ட சட்டையின் ஒரு தோள் கிழிந்து தொங்கியது. “அம்மி, தம்பிய ஸ்கூல் நிறுத்தாத. அவன் வேலைக்குப் போறேன்னு சொல்வான், விடாத” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“சட்டையாவது மாத்திக்கட்டும் சார், கிழிஞ்சிருக்குது” என்று துணிப்பையை ஜன்னலுக்குள் நீட்டினாள் ஃபரீதா. அவளிடம் வேறு சட்டை இல்லை. கான்ஸ்டபிள் பையை வாங்கி, முகத்தைத் திருப்பி, தள்ளிவிட்டான்.

“என்னம்மா இது, இப்படி நாறுது? எடுத்துட்டுப் போ.”

வேன் நகர்ந்தது. பாலத்து வேங்கைகளுக்கு நடுவே போய், திரும்பி, மறைந்துவிட்டது.

ஃபரீதா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து சட்டையை எடுத்து முகத்தில் புதைத்துக்கொண்டாள். அவளுடைய முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கியது. நீளமாக இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு குழம்பிப்போன முகத்தோடு நிமிர்ந்தாள்.

“ஒண்ணுமே வரலியே மேடம். எல்லாரும் அடிக்குது அடிக்குதுன்றாங்க. எம்புள்ள வாசனைகூட எனக்கு வரலியே.”

தபரேஸ் குனிந்து சட்டையை வாங்கினான். முகர்ந்தான். இல்லை என்று தலையை அசைத்துவிட்டு நந்தினியிடம் நீட்டினான். இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

நந்தினி சட்டையை மூக்கோடு சேர்த்துப் பிடித்தாள். சுண்ணாம்பும் அழுகலும் மருந்தும் நெஞ்சு வரை இறங்கின. கண்ணில் நீர் வந்தது. முகத்தை அவள் விலக்கிக்கொள்ளவில்லை. அந்த எல்லாவற்றுக்கும் அடியில் எங்கேயோ, மெலிதாக, ஒரு பையனின் வியர்வை.

“உங்களுக்காவது அடிக்குதா?” என்று கேட்டாள் ஃபரீதா.

“அடிக்குதும்மா” என்றாள் நந்தினி.